இரண்டு கேமராவும் ஒரு கோடும்

டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கும் ஸ்டுடியோவில் பழைய கேமரா செத்துப்போனது ஒரு புதன்கிழமை காலை. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் தாடையை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காது இரண்டும் தெரியத் தயாராக இருந்தார். ஷட்டர் பாதி வழியில் சிக்கி 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது.

"எடுத்தாச்சா?" என்றார் அவர், உதடு அசையாமல்.

"நீங்க மூச்சு விடுங்க. இது விட்டுடுச்சு" என்றாள் ஸ்டுடியோக்காரி.

கணவனும் மனைவியுமாக நடத்தும் ஸ்டுடியோ அது. கேமரா ஒன்று, வேலை இரண்டு விதம். மனைவிக்குக் கைக்குழந்தைகள். பிறந்து பத்து நாள், பதினைந்து நாள் ஆனதுகளை உள்ளறையில் ஹீட்டர் போட்டுச் சூடாக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூங்கவைத்து எடுப்பாள். தெருவில் அவளுக்குப் பெயர் தொட்டில்காரி. கணவன் பள்ளிக்கூட ஆட்டம், கால்பந்து, சைக்கிள் பந்தயம் என்று அலைகிறவன். வெயிலில் நின்று நின்று கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்தவன். அவன் மைதானத்துக்காரன். ஸ்டுடியோவுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைகளில்தான் குடித்தனம். பதினாறு வயதில் ஒரு மகள், நூறு மீட்டர் ஓடுகிறவள். வீட்டில் இன்னும் பாப்பாதான்.

இனி உள்ளே கண்ணாடி இல்லாத புது மாதிரி மிரர்லெஸ் கேமராதான் வாங்குவது என்பதில் தகராறு இல்லை. எது என்பதில்தான் தகராறு. வாடகைக் கடையிலிருந்து வெள்ளி முதல் திங்கள் வரைக்கும் இரண்டை எடுத்துவந்தார்கள். இரண்டிலும் எடுத்துப் பார்ப்பது, கம்ப்யூட்டரில் அக்கம்பக்கம் வைத்துப் பார்ப்பது, ஒன்றை வாங்குவது என்று ஏற்பாடு. பெட்டியில் இருந்த பெயர்களை யாரும் சொல்லவில்லை. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. மனைவியின் மனசு சின்னதில், கணவனின் மனசு பெரியதில்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாள் குழந்தை ஒன்று வந்தது. தூங்கவே மாட்டேன் என்று ஒன்றரை மணி நேரம் அடம் பிடித்து, கடைசியில் கண்ணை மூடியது. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் உறுமி நிற்கும்போதெல்லாம் எல்லோரும் குழந்தையின் நெற்றியைப் பார்த்தார்கள். அவள் சின்னதைச் சத்தமில்லாத ஷட்டருக்கு மாற்றி வைத்துக்கொண்டு எடுத்தாள். ஒரு சின்ன 'டிக்' கூட இல்லை. ஜன்னலில் மேகம் வந்து வெளிச்சம் குறைந்தபோதும் கை ஆட்டத்தை அது தாங்கிக்கொண்டது. குழந்தையின் கன்னத்தில் தோல் உரிந்திருந்தது கூட இதமான நிறத்தில் வந்தது.

"பார்த்தீங்களா? கையில பூ மாதிரி இருக்கு" என்றாள்.

"பூவை வெச்சுக்கிட்டு மைதானத்துக்குப் போக முடியுமா? ஓடறவன் நடுவுல ஒருத்தன் குறுக்க வந்தா, இதோட ஃபோகஸ் குறுக்க வந்தவனைப் பிடிச்சுக்கும். பெரியது அப்படியில்ல. கண்ணைப் பிடிச்சா விடாது. ஒரு செகண்டுக்கு முப்பது படம்."

"முப்பது படத்தையும் உட்கார்ந்து பொறுக்கறது யாரு? ஒரு கோலுக்கு நானூறு படம் கொண்டாருவீங்க. அதுல முன்னூத்தித் தொண்ணூறு அவன் மூக்கைச் சொறியறது."

"மீதிப் பத்துல அவன் கோல் போடுவான் இல்ல?"

பெரியதை அவள் ஐந்து நிமிஷம் கூடப் பிடிக்கவில்லை. மணிக்கட்டு வலிக்கிறது, தோல் நிறம் மஞ்சள் அடிக்கிறது என்று கீழே வைத்துவிட்டாள். ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த மகள், "நாளைக்கு என் பந்தயத்துக்கு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் படம் வேணும்" என்றாள். சண்டை அத்துடன் ஓய்ந்தது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே காற்று. மைதானத்தின் புழுதி எழுந்து பல்லில் நறநறத்தது. பதினோரு மணிக்கு மேல் மழை வரும் என்று பேசிக்கொண்டு, அமைப்பாளர்கள் ஒவ்வொரு பந்தயத்தையும் பிடித்துத் தள்ளினார்கள். பெண்கள் நூறு மீட்டரில் முதல் மூன்று பேருக்கு அணியில் இடம். இரண்டு மாதப் பயிற்சி முகாம், பிறகு வெளியூர்ப் போட்டி. மகள் அதற்காக ஒரு வருஷமாக விடிகாலையில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

மைதானத்துக்காரன் பந்தயம் முடியும் கோட்டின் ஓரத்திலேயே, நேரம் பார்ப்பவர்களின் பெஞ்சுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்றான். மனைவி கோட்டைத் தாண்டி, ஓடிவருகிறவர்களுக்கு எதிரே, படிக்கட்டில் நின்றாள். ஆளை நிற்கவைத்து எடுத்துப் பழகிய கை. கேமராவைச் செங்குத்தாகத்தான் பிடித்தாள்.

முதலிரண்டு பேர் தெளிவாக வந்துவிட்டார்கள். மூன்றாவதாக இரண்டு பேர். ஒரு ஓரத்துத் தடத்தில் மகள், மறு ஓரத்துத் தடத்தில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் உயரமான பெண். நடுவில் அத்தனை தடம் இருந்ததால் யார் முன்னால் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கடிகாரம் இரண்டிலும் ஒரே எண். நடுவர் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். வானத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"பக்கத்துல இருந்து யாராவது எடுத்தீங்களா?"

"நான் எடுத்தேன் சார். ஆனா இப்பத்தான் பேட்டரி போச்சு. காலையிலருந்து ஓட்டிட்டேன். வீட்டுக்குப் போய்த்தான் பார்க்கணும்" என்றான் மைதானத்துக்காரன்.

"மழை வருதுங்க. அதுக்கெல்லாம் நேரமில்ல. வேற யாரு?"

மகளின் கோச் ஓடிப்போய்த் தொட்டில்காரியைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்தார். அவள் சின்னதின் திரையில் அந்த ஒரு படத்தை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். படத்தின் வலது ஓரத்தில் மகள், நெஞ்சு கோட்டைத் தாண்டியிருந்தது. இடது ஓரத்தில் நெட்டை, அரை முழம் பின்னால். இதற்கு மேல் என்ன வேண்டும்? நடுவர் தலையை ஆட்டி, காகிதத்தில் எழுதினார். நெட்டை இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். யாரோ அவள் முதுகைத் தட்டினார்கள். மழை பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் நனைந்த ஷூவைக் கூடக் கழற்றாமல் போனில் உட்கார்ந்துவிட்டாள். மைதானத்துக்காரன் முட்டை பொரித்தான். எண்ணெய் தெறித்ததற்குக் கூடச் சிரித்தான். மூன்று பேரும் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றார்கள்.

மழை விட்டு, சாயங்கால வெயில் ஜன்னலில் ஏறிய நேரம். கேமரா முடிவு செய்ய வேண்டுமே என்று தொட்டில்காரி இரண்டு கேமராவின் மெமரி கார்டையும் கம்ப்யூட்டரில் போட்டாள். ஒரு பக்கம் சின்னதின் படங்கள், ஒரு பக்கம் பெரியது. பெரியதில் ஆயிரத்துச் சொச்சம். பந்தயத்தின் கடைசி ஒரு வினாடிக்கு வந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒரு படத்தில் கை நின்றது. முன்னே போனாள், பின்னே வந்தாள். மறுபடியும் அதே படம்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க."

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்தான். கோடு ஒரு கயிறு மாதிரி நேராகக் கிடந்தது. நெட்டையின் நெஞ்சு அதற்கு மேல். மகளின் நெஞ்சு இன்னும் கோட்டுக்கு வரவில்லை. நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் இருக்கும்.

கீழே காற்று இயந்திரம் உறுமி நின்றது.

"நான் நின்ன இடம் கொஞ்சம் கோணலா இருந்திருக்கும்" என்றான்.

"கோட்டுக்கு நேரா நின்னீங்க. பெஞ்சு விளிம்பும் கோடும் ஒண்ணா தெரியுது பாருங்க."

"அப்ப உன்னோடது எப்படி அப்படி வந்தது?"

அதுதான் அவளுக்கும் உறுத்தியது. தன் படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். மகளின் தூக்கிய ஷூ ரப்பர் மாதிரி இழுபட்டுக் கிடந்தது. நடுவில் ஓடிய பெண்ணின் கை முழங்கைக்குக் கீழே ஏதோ மாதிரி வளைந்திருந்தது. படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தாள். சத்தமில்லாத ஷட்டர். முந்தின நாள் குழந்தைக்காக மாற்றியதை அவள் திரும்ப மாற்றவேயில்லை.

எழுந்தாள். உள்ளறை மின்விசிறியை முழு வேகத்தில் போட்டு, சின்னதை எடுத்து மேலே பார்த்து ஒன்று, பெரியதை எடுத்து அதேபோல ஒன்று. பெரியதில் மூன்று இறக்கையும் நேராக இருந்தன. சின்னதில் அரிவாள் மாதிரி வளைந்திருந்தன.

"சத்தமில்லாம எடுக்கறப்ப இது படத்தை ஒரே நேரத்துல எடுக்கறதில்லைங்க. பெருக்கற மாதிரி ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு மறு ஓரம் வரைக்கும் வாரிட்டுப் போகுது. நான் நிமித்திப் பிடிச்சேனா, இடது ஓரத்துல இருந்த பொண்ணை முதல்ல எடுத்துடுச்சு. நம்ம பாப்பா வலது ஓரம். அவகிட்ட வர்றதுக்குள்ள அவ முக்கால் முழம் ஓடிட்டா."

"நீயா கற்பனை பண்ணாத."

"கற்பனையா? விசிறியைப் பாருங்க."

"விசிறி வேற, ஆள் வேற." அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினான். "எனக்கென்னவோ சின்னதே தேவலைன்னு படுது. வாங்கிடலாம். நல்ல கேமராதான். கலர் நல்லாருக்கு. எடையும் கம்மி."

அவள் அவனையே பார்த்தாள். "நேத்து இதைப் பூன்னு கிண்டல் பண்ணீங்க."

"நேத்து நேத்துதான். பெரியதுல நிறம் மஞ்சளா வருதுன்னு நீதானே சொன்ன? நிறமே சரியா வராத கேமரா மத்ததை மட்டும் எப்படிச் சரியா எடுக்கும்?"

"நிறம் மஞ்சளா இருந்தா கோடு நகர்ந்திடுமா?"

"மெதுவாப் பேசு. ஏன் கத்தற?"

"நான் கத்தல. நீங்கதான் கத்தறீங்க."

கதவருகே மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கையில் போன் அப்படியே இருந்தது. இருவருக்கும் நடுவில் வந்து திரையைப் பார்த்தாள். ஓடுகிறவளுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எதுக்கும்மா இதைப் பார்த்த?"

"கேமரா வாங்கறதுக்குப் பார்த்தேன்டி."

"அப்ப கேமராவை மட்டும் பார்க்க வேண்டியதுதானே!"

மகள் போனை நீட்டிக் காட்டினாள். "எல்லாருக்கும் சொல்லிட்டேன். முகாமுக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு லிஸ்ட் போட்டுட்டேன். நடுவரே சொல்லிட்டார். கோச் சொல்லிட்டார். உங்க ரெண்டு பேருக்கு மட்டும் என்ன வந்தது?"

"பாப்பா, யாரும் எதுவும் செய்யப் போறதில்ல. இது நம்ம வீட்டுக்குள்ள இருக்கற படம்" என்றான் அப்பா.

"நீங்க சொல்றீங்க. அம்மா மூஞ்சியைப் பாருங்க. அது செய்யப் போற மூஞ்சி."

மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். இரும்புக் கதவு காற்றில் இரண்டு முறை அடித்தது. மைதானத்துக்காரன் படியேறிப் பாதி வரை போவதும், இறங்கி வருவதுமாக இருந்தான். தொட்டில்காரி பின்னணிக் காகிதத்தைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடியும் சுருட்டினாள். துடைத்த லென்ஸையே துடைத்தாள்.

"அந்தப் பொண்ணு யாரு, அவங்க வீடு எங்கன்னு கூட நமக்குத் தெரியாது" என்றான் அவன், படியிலிருந்து.

"தெரியலைன்னா?"

"தெரியாத ஒருத்திக்காக நம்ம வயித்துல பிறந்ததை..." முடிக்காமல் நிறுத்தினான். "நீ பெத்தவதானே?"

"பெத்தவதாங்க. அதனாலதான் படிக்கட்டுல நின்னு எடுத்தேன். எடுத்தது நான், கொண்டுபோய்க் காட்டுனதும் நான். அந்தப் பொண்ணு குனிஞ்சு நின்னா பாருங்க, அது என் கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது. முகாமுக்கு இவளை பஸ் ஏத்திவிட்டுட்டு வந்து நான் எப்படி இந்த ஸ்டுடியோல உட்காருவேன்?"

"சரி. அவகிட்ட கேளு. அவ வேண்டாம்னா விட்டுடு."

அவள் மாடி ஏறினாள். மகள் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொடியில் அவளுடைய ஓட்ட பனியன் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"பாப்பா..."

"கேக்காத."

"என்னன்னு கூடச் சொல்லலையே."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன். அப்புறம் அது நான் சொன்னதா ஆயிடும். அதனால கேக்காத. கீழே போ."

தாய்க்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அங்கே நிற்க முடியவில்லை. கீழே இறங்கிவிட்டாள்.

ஞாயிறு காலை அவள் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். டயர் கடை மூடியிருந்தது. தெருத் திருப்பத்தில் பின்னால் செருப்புச் சத்தம். மைதானத்துக்காரன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்துகொண்டிருந்தான். பெரியது தோளில் தொங்கியது.

"உனக்குச் சரியா விளக்கத் தெரியாது. தொட்டில்ல ஆரம்பிச்சு அங்கேயே நின்னுடுவ" என்றான்.

நடுவர் தன் வீட்டு வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். படங்களைப் பார்த்தார். விசிறிப் படங்களையும் பார்த்தார். சோப்புக் கையை ஆட்டிக்கொண்டே, "இருங்க இருங்க. யாரும் புகார் குடுக்கலையே? டீம் லிஸ்ட் நாளைக்குத்தான் போகுதுன்னாலும், முடிஞ்சது முடிஞ்சதுதானே?" என்றார்.

"நாங்க குடுக்கறோம் சார்."

"உங்க பொண்ணு மேலயேவா?"

"பொண்ணு மேல எதுக்கு? அவ ஓடுனா, அவ்வளவுதான். என் படத்து மேல குடுக்கறேன்."

நடுவர் குழாயை மூடினார். வண்டியிலிருந்து நுரை வழிந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. "இப்படி ஒரு புகாரை நான் எந்தக் காகிதத்துல எழுதறது?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டு, காகிதம் எடுக்க உள்ளே போனார்.

கணவனும் மனைவியும் திரும்பி நடந்தார்கள். டயர் கடைக்கு முன்னால் வந்ததும் அவன் நின்றான். "சின்னதையே வாங்கலாம். இந்தத் தடவை நிஜமாத்தான் சொல்றேன். இந்த மாசம் வர்றது பூரா குழந்தைங்க. பெரிய ஆட்டம் இருந்தா நான் பெரியதை வாடகைக்கு எடுத்துக்கறேன். ஓடறவங்களை எடுக்கறப்ப மட்டும் அந்தச் சத்தமில்லாத கண்றாவியை நிறுத்திடு."

"அதுக்கான பட்டனுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப் போறேன்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை கேமராக்கள் திரும்பிப் போயின. செவ்வாய்க்கிழமை சின்னது புதிதாக வந்தது. பட்டியல் மாறிய செய்தியும் அன்றைக்கே கோச்சிடமிருந்து வந்தது. மகள் அதைப் படித்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒன்பது நாள் அம்மாவுடன் பேசவில்லை. அப்பாவிடம், "உப்பு எங்கே?" "சாவி எங்கே?" என்ற அளவுக்கு. விடிகாலையில் எழுந்து ஓடவும் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முன்னறை மேஜையில் உட்கார்ந்து, வெட்டிய பாஸ்போர்ட் படங்களை உறையில் போட்டுக் கொடுப்பாள். அந்த வேலையை யாரும் சொல்லாமலே செய்தாள். அம்மா வைத்த தட்டைக் காலி செய்வாள். ஏறிட்டு மட்டும் பார்க்கமாட்டாள். தட்டு காலியாவதை வைத்தே தாய் ஒவ்வொரு நாளையும் தள்ளினாள்.

பத்தாம் நாள் பிற்பகல் படியில் தயங்கித் தயங்கி யாரோ ஏறிவரும் சத்தம். நெட்டை. தலை கதவு நிலையில் இடிக்குமோ என்று குனிந்து உள்ளே வந்தாள். கையில் ஒரு படிவம்.

"முகாம் அடையாள அட்டைக்குப் படம் வேணும். கோச் இங்கதான் எடுக்கச் சொன்னார்" என்றாள். மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் பார்த்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று கால் ஒரு அடி பின்னால் போனது.

"உட்காரும்மா" என்றாள் தொட்டில்காரி. அவளுக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விளக்கைப் போட்டாள், ஸ்டூலை இறக்கினாள். நெட்டைக்கு அது போதவில்லை, இன்னும் இறக்கினாள்.

நெட்டை வெள்ளைப் பின்னணிக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்தாள். காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. தொட்டில்காரி கேமராவைத் தூக்கியவள், அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேஜைக்குப் பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம். மகள் எழுந்து போய் அந்தக் காலரை எடுத்துவிட்டாள். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அங்கேயே நின்றாள்.

"அன்னிக்கு நீதான் முன்னாடி வந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

நெட்டை தலையை ஆட்டினாள். "தெரியாது. சத்தியமா. கோடு வர்றப்ப நான் கண்ணை மூடிக்குவேன்."

"ஐயோ, நானும்தான்" என்றாள் மகள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மகளின் முகம் அழப்போகிறதா சிரிக்கப்போகிறதா என்று தாய்க்குத் தெரியவில்லை. அது ஒரு கணம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. பிறகு மகள் ஒதுங்கி விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் போனாள்.

"தாடையைக் கொஞ்சம் இறக்கு. சிரிக்காத, சிரிச்சா வாங்கமாட்டாங்க" என்றாள், அம்மா சொல்வதைப் போலவே.

தொட்டில்காரி அழுத்தினாள். திரையைப் பார்க்க மகள் பக்கத்தில் வந்து நின்றாள். பத்து நாளுக்குப் பிறகு அவள் தோள் அம்மாவின் தோளில் பட்டது.

"மறுபடியும் கண்ணை மூடிட்டாம்மா" என்றாள். "இன்னொண்ணு எடு."